மோதிரக் கையா, விளம்பரக் கையா?

வீடியோ விளையாட்டுத் தொழிலின் விருதுகளும் மாநாடுகளும் - ஒரு கண்ணோட்டம்

(நமது மட்டாஞ்சேரி நிருபர்)

வீடியோ விளையாட்டுத் தொழிலில் ஆண்டுதோறும் வழங்கப்படும் விருதுகளும், அத்தொழிலார் கூட்டும் மாநாடுகளும் இன்னும் மதிக்கத் தக்கவைதானா என்ற கேள்வி 2025 டிசம்பரில் மீண்டும் எழுந்தது.

அம்மாதம் 11-ஆம் தேதி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழா நடைபெற்றது. பிரான்ஸ் நாட்டில் தயாரான 'கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' என்ற ஆட்டம் அதில் ஒன்பது விருதுகளை அள்ளிச் சென்றது. அவ்விழாவின் வரலாற்றில் ஓர் ஆட்டம் இத்தனை விருதுகளைப் பெற்றது அதுவே முதல் முறை. ஒரு வாரம் கழித்து, சிறு தயாரிப்பாளர்களுக்கென நடைபெறும் 'இண்டி கேம் அவார்ட்ஸ்' என்ற இன்னொரு அமைப்பும் அதே ஆட்டத்துக்கு இரு விருதுகளை அறிவித்தது. அறிவித்த இரண்டே நாளில் அவ்விரண்டையும் திரும்பப் பெற்றுக் கொண்டது. தயாரிப்பின்போது செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்படுத்தப்பட்டது என்றும், அது தங்கள் விதிக்கு விரோதம் என்றும் அவ்வமைப்பு காரணம் கூறியது.

ஒரே ஆட்டம்தான். ஒரு மேடையில் ஒன்பது மாலைகள். மறு மேடையில் போட்ட மாலையைக் கழற்றும் காட்சி. இவ்விரண்டில் எதை நம்புவது?

நமக்கு என்ன வந்தது?

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டைகளுக்கும் யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கும் நடுவே வாழும் நமக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் விழாவில் யார் பரிசு வாங்கினால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று இந்த ஊரில் செல்போனில் ஆட்டம் ஆடாத பிள்ளை அரிது. அப்பிள்ளைகளில் சிலர், பிளஸ் டூ முடித்ததும், "எஞ்சினீயரிங் வேண்டாம், கேம் டிசைன் படிக்கிறேன்" என்று வீட்டில் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பயிற்சி நிலையங்களின் விளம்பரத் தாள்களில் 'விருது பெற்ற நிறுவனம்' என்ற வரி கொட்டை எழுத்தில் அச்சாகிறது. மாநாட்டு மேடையில் யாரோ ஒருவர் கோப்பையுடன் நிற்கும் படம் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துத் தகப்பனார் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார். ஆகவே அந்தக் கோப்பை வெண்கலமா, வெறும் பூச்சா என்று உரசிப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு.

கூடத்தில் தொடங்கியது

முதலில் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1988-ஆம் ஆண்டில் கிறிஸ் கிராஃபோர்டு என்ற அமெரிக்க ஆட்டத் தயாரிப்பாளர், சான் ஹோசே நகரில் தம் வீட்டுக் கூடத்தில் சக தொழிலாளிகள் சுமார் இருபத்தேழு பேரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசினார். ஆட்டத்தை எப்படி அமைப்பது, எப்படி விற்பது, முதலாளியிடம் எப்படி ஒப்பந்தம் போடுவது என்பதெல்லாம் பேச்சு. அந்தக் கூடத்துக் கூட்டமே வளர்ந்து, இன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆயிரக்கணக்கானோர் கூடும் 'கேம் டெவலப்பர்ஸ் கான்பரன்ஸ்' ஆகியிருக்கிறது. தொழிலாளி தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுக்கும் இடம் என்பதே அதன் ஆதிப் பெருமை.

இரண்டாவது வகை சந்தை. 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய 'இ-3' கண்காட்சி அத்தகையது. புதுச் சரக்கைக் கடைக்காரருக்கும் பத்திரிகையாளருக்கும் காட்டுவது அதன் வேலை. இருபத்தைந்து ஆண்டுகள் கொடி கட்டிப் பறந்தது. பெரிய கம்பெனிகள், 'நாங்களே நேராக இன்டர்நெட்டில் காட்டிக்கொள்கிறோம்' என்று ஒவ்வொன்றாக விலகின. 2019-இல், பதிவு செய்திருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர் முதலியோரின் முகவரிகள் அமைப்பாளர்களின் கவனக்குறைவால் வெளியே கசிந்து, இருந்த மரியாதையும் குறைந்தது. 2023 டிசம்பரில், இனி நடத்துவதில்லை என்று நிரந்தரமாக மூடிவிட்டார்கள். சந்தைக்கு வந்தவர்கள் சரக்குக்காக வந்தார்கள். சரக்கு வேறு வழியில் கிடைத்ததும் போய்விட்டார்கள். யாரும் பெரிதாக அழவில்லை.

மூன்றாவது வகை விழா. 'தி கேம் அவார்ட்ஸ்' 2014-இல் ஜெஃப் கீலி என்பவரால் தொடங்கப்பட்டது. சினிமாவுக்கு ஆஸ்கார் போல் இதற்கு இது என்று சொல்லப்படுகிறது.

நிமிடத்துக்கு என்ன விலை?

இவ்விழாவின் தீர்ப்பு முறையைக் குறை சொல்லிவிட முடியாது. பல நாட்டுப் பத்திரிகைகளும் செய்தி நிறுவனங்களும் அடங்கிய நடுவர் குழுவின் வாக்குக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பு. பொதுமக்கள் வாக்குக்குப் பத்து. ரசிகர் கூட்டம் ஓட்டுப் போட்டுக் கவிழ்த்துவிட முடியாத ஏற்பாடு. விருதை யாரும் விலைக்கு வாங்கினார்கள் என்று சொல்ல ஆதாரமும் இல்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விழா நேரத்தில் விருதுக்குச் செல்வது சிறு பங்கு; வரப்போகும் ஆட்டங்களின் விளம்பரப் படங்களுக்கே பெரும் பங்கு. இதே கீலி கோடைக்காலத்தில் நடத்தும் இன்னொரு நிகழ்ச்சியில், ஒரு நிமிட விளம்பரப் படத்துக்கு இரண்டரை லட்சம் டாலர், அதாவது சுமார் இரண்டு கோடி ரூபாய் வசூலிக்கப்படுவதாக 'எஸ்கொயர்' பத்திரிகை 2024-இல் எழுதியது. விருது விழாவில் விலை அதைவிட அதிகம் என்று 2025-இல் செய்திகள் வந்தன. சில படங்களை அமைப்பாளர்களே தேர்ந்து இலவசமாகக் காட்டுவதும் உண்டு. ரயிலில் வரிசையில் நின்று ரிசர்வ் செய்தவரும் ஏறுகிறார், கோட்டாவில் இடம் பிடித்தவரும் ஏறுகிறார். பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பவனுக்கு எவர் எந்த வழியில் ஏறினார் என்று தெரிவதில்லை. இங்கேயும் அப்படித்தான்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். விருது பூ, விளம்பரம் நார். அந்த மணத்துக்குத்தான் கோடிகள் கொடுக்கப்படுகின்றன. ஆனால் நாரின் அளவு பெருகி, பூ நாலைந்து மட்டும் மிஞ்சினால் அதை மாலை என்று சொல்ல முடியுமா?

2023 விழாவில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். பரிசு பெற்றவர்களுக்கு நன்றி சொல்ல ஏறத்தாழ அரை நிமிடமே கொடுக்கப்பட்டது. அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டமாக 'பால்டர்ஸ் கேட் 3' தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் தயாரிப்பாளரான ஸ்வென் விங்கே மேடையேறி, ஆட்டம் வெளிவந்த பின் காலமாகிவிட்ட தம் சக ஊழியரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, 'சீக்கிரம் முடியுங்கள்' என்ற வாசகம் அவருக்கு எதிரே திரையில் காட்டப்பட்டது. பல ஆண்டு உழைத்தவனுக்கு அரை நிமிடம். காசு கொடுத்தவனின் படத்துக்கு முழு நிமிடம். பிறகு எழுந்த கண்டனத்தால் அடுத்த ஆண்டு நேரம் கூட்டப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விருது கொடுக்கும் விதமும் விருதின் ஒரு பகுதியே என்பதைக் கேரளத்தில் உள்ள நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 மே மாதம் டில்லியில் தேசியத் திரைப்பட விருது விழாவில், ஜனாதிபதி பதினொரு பேருக்கு மட்டுமே தம் கையால் விருது வழங்குவார், மற்றவர்களுக்கு அமைச்சர் வழங்குவார் என்று கடைசி நேரத்தில் அறிவிக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விழாவுக்கே போகவில்லை. மலையாள நடிகர் பகத் பாசில் அவர்களில் ஒருவர். விருதின் மேல் அவர்களுக்கு வெறுப்பு இல்லை. அதன் மேல் வைத்திருந்த மரியாதையே அவர்களைத் தடுத்தது. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னதன் பொருள் அதுதான்.

புட்டு அவித்த ஆட்டம்

அப்படியானால் மோதிரக் கை என்று ஒன்று இத்தொழிலில் இருக்கிறதா? இருக்கிறது. அதற்கு ஒரு தமிழ் ஆட்டமே சாட்சி.

கனடாவின் டொராண்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்ற சிறு நிறுவனம் இருக்கிறது. தமிழரான அபி என்பவரின் வடிவமைப்பில் அந்நிறுவனம் 2023 ஜூலை 31-ஆம் தேதி 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. துப்பாக்கி இல்லை, கார்ப் பந்தயம் இல்லை. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகிய மூவரின் கதை. வெண்பாவிடம் அவள் அம்மாவின் பழைய சமையல் குறிப்பேடு இருக்கிறது. அது கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்து முடிப்பதே ஆட்டம். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கவின் வளர வளரத் தமிழ் அவனுக்கு அந்நியமாகிறது. அம்மா தமிழில் பேசுவாள்; மகன் இங்கிலீஷில் பதில் சொல்வான். இதைப் படிக்கும் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பத்தாருக்கு மேலே விளக்கம் தேவையில்லை. இங்கே தலைமுறைகளாக வாழ்ந்து வரும் நம் வீடுகளிலும் அம்மா தமிழில் கேட்கிறாள், பிள்ளை மலையாளத்தில் பதில் சொல்கிறது. தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைக்குப் பாட்டியின் கடிதம் வெறும் கோலம். புட்டுக்குழல் இரு வீட்டிலும் ஒன்றுதான், மொழிதான் நழுவுகிறது.

இந்தச் சிறு ஆட்டத்தை விழா மேடைகள் எப்படி நடத்தின? 2023-இன் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் இரண்டு பிரிவுகளில் இதன் பெயர் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது, விருது கிடைக்கவில்லை. அது குறையல்ல, போட்டி என்றால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அடுத்த ஆண்டு மார்ச்சில், சான் பிரான்சிஸ்கோ மாநாட்டின் அங்கமான 'இண்டிபெண்டன்ட் கேம்ஸ் பெஸ்டிவல்' விழாவில் 'வெண்பா' தலையாய பரிசைப் பெற்றது. ஏப்ரல் 11-ஆம் தேதி லண்டனில் 'பாஃப்டா' எனப்படும் பிரிட்டிஷ் அகாடமியின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதும் இதற்கே கிடைத்தது.

சான் பிரான்சிஸ்கோப் பரிசுக்கு 'ஷேமஸ் மெக்நாலி பரிசு' என்று பெயர். ஷேமஸ் மெக்நாலி கனடா நாட்டு இளைஞர். குடும்பத்தாருடன் சேர்ந்து சிறு ஆட்டங்கள் தயாரித்தவர். 2000-ஆம் ஆண்டில் அதே விழாவில் தலையாய பரிசை வென்றார். அதே மாதம் புற்றுநோயால் இறந்தார். வயது இருபத்தொன்று. பணம் கொடுத்த கம்பெனியின் பெயரை வைக்காமல், பரிசு வாங்கிய கையோடு மறைந்துவிட்ட ஒரு தொழிலாளியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பரிசைத் தீர்மானிப்பவர்களும் பெரும்பாலும் அதே தொழிலில் கை நனைத்தவர்கள். பொன்னின் மாற்றைப் பொற்கொல்லன் உரைப்பது போன்றது இது.

இரண்டரை லட்சம் டாலர் விளம்பரம் கொடுக்க வழியில்லாத ஒரு தமிழ்க் கதை உலகத்தின் காதுக்கு எட்ட, இத்தகைய நடுவர் குழுவைத் தவிர வேறு வாயில் எது? விருதுகளே வேண்டாம் என்று மொத்தமாகத் தூக்கி எறிந்தால், பெரிய கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதற்கு விளம்பரம் இருக்கிறது. நஷ்டம் வெண்பாக்களுக்குத்தான்.

வேலை போனவர்கள் பேச்சு

மாநாடுகளை எடைபோட இன்னொரு படிக்கல்லும் உண்டு. தொழிலில் துன்பம் வந்தபோது மேடை என்ன பேசியது என்பதே அது.

2023-இல் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டத் தொழிலாளிகள் வேலை இழந்தார்கள். 2024-இல் அந்த எண்ணிக்கை இன்னும் கூடியது. கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைபட்ட மக்கள் ஆடித் தீர்த்ததைப் பார்த்துக் கம்பெனிகள் கணக்கில்லாமல் ஆள் எடுத்தன, மற்ற கம்பெனிகளை விலைக்கு வாங்கின. ஊரடங்கு நீங்கியதும் கணக்கு உதைத்தது. ஆனால் 2023 விருது விழாவின் மேடை, அந்த ஆண்டு வேலை போனவர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று பலர் குறைப்பட்டார்கள். மறு ஆண்டு அதே விழா, வேலை இழந்தவர்களுக்கு வேலை தேடித் தரும் தொண்டு செய்த அமீர் சத்வத் என்பவருக்குச் சிறப்பு விருது வழங்கியது. தாமதமானாலும் நல்ல காரியம்.

சான் பிரான்சிஸ்கோ மாநாட்டார் ஆண்டுதோறும் தொழிலாளிகளிடம் கருத்துக் கேட்டு அறிக்கை வெளியிடுகிறார்கள். 2025 அறிக்கையில், பதில் சொன்னவர்களில் பத்தில் ஒருவர் கடந்த ஓராண்டில் வேலை இழந்ததாகக் கூறியிருக்கிறார். தொழிலுக்கு அவமானம் என்று அதை மறைக்கவில்லை. மரியாதை இப்படித்தான் சம்பாதிக்கப்படுகிறது. அதே சமயம் அந்த மாநாட்டுக்கும் ஒரு களங்கம் உண்டு. முழு அனுமதிச் சீட்டின் விலை நெடுங்காலம் இரண்டாயிரம் டாலருக்கு மேல் இருந்தது. வேலை இல்லாதவன் எப்படிப் போவான்? 2026-க்கு மாநாட்டின் பெயரையும் அமைப்பையும் மாற்றி, கட்டணத்தையும் குறைத்து அறிவித்தார்கள். கூடத்தில் இருபத்தேழு பேர் உட்கார்ந்த நாளை யாரோ நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நம் ஊரிலேயே ஒரு பாடம்

போன மரியாதை திரும்புமா என்று கேட்பவர்கள் வெளிநாடு போக வேண்டாம். 2012 முதல் கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரிக் கிடங்குகளிலும் நடந்து வரும் கொச்சி-முசிறிஸ் பினாலே கலைக் கண்காட்சியே உதாரணம். 2022 டிசம்பர் 12-ஆம் தேதி திறக்க வேண்டிய கண்காட்சி, ஏற்பாடுகள் முடியாமல் கடைசி நிமிடத்தில் 23-ஆம் தேதிக்குத் தள்ளிப் போடப்பட்டது. கடல் கடந்து வந்த பார்வையாளர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். பங்கேற்ற கலைஞர்களில் பலர் கையெழுத்திட்டு, தங்கள் படைப்புகளுக்கு நேர்ந்த அவலத்தைப் பகிரங்கக் கடிதமாக வெளியிட்டார்கள். ஆயினும் கண்காட்சி மூடப்படவில்லை. நிர்வாகத்தில் மாற்றம் செய்து, அவகாசம் எடுத்துக்கொண்டு, 2025 டிசம்பரில் அடுத்த கண்காட்சியைத் தொடங்கினார்கள். கலைஞர்கள் திட்டியது அதை அழிக்க அல்ல, திருத்த. திட்டுவதற்கு ஆள் இருக்கும் வரை ஒரு விழாவுக்கு உயிர் இருக்கிறது. 'இ-3' கண்காட்சியைக் கடைசியில் திட்டக்கூட ஆள் இல்லை.

சென்னை மாநாடும் பண ஆட்டமும்

இந்தியாவிலும் இத்தொழிலுக்கு மாநாடு உண்டு. 'இந்தியா கேம் டெவலப்பர் கான்பரன்ஸ்' பல ஆண்டுகள் ஐதராபாத்தில் நடைபெற்று, 2025 நவம்பரில் சென்னை வர்த்தக மையத்துக்கு வந்தது. எர்ணாகுளத்தில் மாலை வண்டி ஏறினால் மறுநாள் காலையில் போய்ச் சேரும் தூரத்துக்கு இது வந்தது நம் பிள்ளைகளுக்கு நல்லதே. புனேயில் தயாரான 'ராஜி' என்ற இந்திய ஆட்டம் 2020-லேயே 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவின் அறிமுக ஆட்டப் பட்டியலில் இடம் பெற்றது. திறமைக்கு இங்கே பஞ்சமில்லை.

ஆனால் இந்தியாவில் 'கேமிங்' என்ற ஒரே சொல்லின் கீழ் இரு வேறு தொழில்கள் நெடுநாள் ஒளிந்திருந்தன. ஒன்று ஆட்டம் தயாரிப்பது. மற்றொன்று பணம் கட்டி ஆடும் ரம்மி முதலியவை. இரண்டாவதில் வீடுகள் அழிந்தன, உயிர்கள் போயின. தமிழ்நாட்டில் அதைத் தடுக்கும் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நாடு முழுவதற்கும் பண ஆட்டத்தைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அந்த நாள் வரை இந்தியக் கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் இருந்தது 'டிரீம் 11' என்ற பண ஆட்டக் கம்பெனியின் பெயர். சட்டம் வந்த சில நாட்களில் அப்பெயர் நீங்கியது. நாட்டுக்காக ஆடுபவர் நெஞ்சிலேயே இடம் பிடிக்க முடிந்த பணத்துக்கு, மாநாட்டு மேடையின் பின்திரையில் இடம் பிடிப்பது பெரிய காரியமா? ஆகவே இந்திய மாநாடுகளைப் பொறுத்தவரை, பின்திரையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது முதல் வேலை.

நான்கு கேள்விகள்

எனவே விருதுகளையும் மாநாடுகளையும் மொத்தமாக வணங்கவும் வேண்டாம், மொத்தமாகத் தூற்றவும் வேண்டாம். ஒவ்வொன்றிடமும் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். தீர்ப்புச் சொல்பவர் யார், அவருக்கு அத்தொழில் தெரியுமா? விழாச் செலவு யாருடையது, அவர் சரக்கும் அதே மேடையில் விற்கப்படுகிறதா? பரிசு பெற்றவனைப் பேச விடுகிறார்களா? தொழிலின் கெட்ட செய்தியை அந்த மேடை வாய்விட்டுச் சொல்கிறதா?

முதலில் கூறிய 'இண்டி கேம் அவார்ட்ஸ்' விவகாரத்தையும் இந்தக் கல்லில் உரசிப் பார்க்கலாம். கொடுத்த பரிசைப் பிடுங்கியது சிரிப்புக்கு இடமானது உண்மை. முன்பே விசாரித்திருந்தால் அந்தக் கூத்து நேர்ந்திராது. ஆயினும் எழுதி வைத்த விதியை, உலகமே கொண்டாடும் ஆட்டத்துக்கு எதிராகவும் அமல்படுத்தினார்கள். அந்த விதி சரியா என்று வாதிடலாம். பெரியவனுக்கு ஒரு விதி, சிறியவனுக்கு ஒரு விதி என்று நடக்கவில்லை என்பதை மறுக்க முடியாது.

'விருது பெற்ற நிறுவனம்' என்று பயிற்சி நிலையக்காரர் தாளை நீட்டினால், பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும்: எந்த விருது, யார் நடுவர், விருதுக்கு விண்ணப்பித்தவர் எத்தனை பேர், அந்த விழாவுக்கு நீங்கள் கட்டிய தொகை எவ்வளவு, உங்களிடம் படித்தவர்களில் இன்று வேலையில் இருப்பவர் எத்தனை பேர்? பதில் சொல்பவர் சொல்வார். மழுப்புபவரிடம் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

குட்டுவதற்கு நீளும் கைகள் இன்று அநேகம். மோதிரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிவோம்.